நன்கொடை ஓட்டமும் தொண்டே

தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூர் மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்கு வெள்ளித் தேருடன் சுமார் 15 கிலோமீட்டர் நடந்து, 272 படிகளும் ஏறும் பெட்டாலிங் ஜெயா பக்தர்கள், நன்கொடை ஓட்டம் என்றதும் அது இளைஞர் விளையாட்டு என்று ஒதுங்குவது வருந்தத்தக்கது. காவடி சுமக்கும் தோளுக்கு இதுவா பாரம்? புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், 1980இல் செயற்கைக் காலுடன் 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடி அந்நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். அவர் பெயரிலான ஓட்டம் கோலாலம்பூரிலும் பலமுறை நடந்துள்ளது. அதில் போட்டியில்லை, முதியோர் நடந்தே வரலாம். ஆலயங்கள் பெயர்ப் பதிவுக்கு ஒரு மேசை போட்டுத் தந்தால் போதும். ஆனால், திரண்ட தொகையின் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியே ஆக வேண்டும். சட்டைக்கும் பந்தலுக்கும் போனது எவ்வளவு, உதவி நிதிக்குச் சேர்ந்தது எவ்வளவு என்பது, கொடுத்தவர் கேட்காமலே தெரிய வேண்டும்.