பிள்ளைகளுக்கும் ஒரு வேலை

ஜனவரி 5-ஆம் தேதி சாயங்காலம் புவேர்ட்டோ ரிக்கோவில் பிள்ளைகள் புல் பறிக்கக் கிளம்பிவிடுவார்கள். அன்றிரவு மூன்று ராஜாக்கள் வருகிறார்கள். குழந்தை இயேசுவைத் தேடி நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே வந்த மெல்சோர், கஸ்பார், பல்தசார்தான் அந்த ராஜாக்கள். அவ்வளவு தூரம் நடந்துவரும் ஒட்டகங்களுக்குப் பசிக்குமே! பறித்த புல்லை ஷூ பெட்டியில் நிரப்பி, கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். காலையில் புல் இருக்காது, பரிசு இருக்கும்.

ஸ்பெயினில் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் வைப்பார்கள். ஷூவைத் துடைத்து ஜன்னலோரம் வைப்பார்கள். வருஷம் முழுக்கச் சேட்டை செய்த பிள்ளைக்குக் கரிதான் கிடைக்கும். அது சர்க்கரையில் செய்த கரி என்பதால், அழுதுகொண்டே தின்றுவிடலாம்.

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் டிசம்பர், ஜனவரிப் பண்டிகைகளில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். பிள்ளைகளை வேடிக்கை பார்க்க மட்டும் விடுவதில்லை. அவர்களுக்கும் ஒரு வேலை இருக்கும்.

டிசம்பர் 22 அன்று ஸ்பெயினே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும். 1812-இல் காதிஸ் நகரில் தொடங்கிய கிறிஸ்துமஸ் லாட்டரியின் குலுக்கல் நாள் அது. மாட்ரிட்டின் சான் இல்டெபோன்சோ பள்ளிப் பிள்ளைகள்தான் முடிவை அறிவிப்பார்கள். ஒரு பிள்ளை சீட்டு எண்ணைப் பாட, பக்கத்தில் நிற்கும் பிள்ளை பரிசுத் தொகையைப் பாடும். பல மணி நேரம் இதே ராகம்தான். பெரும்பாலும் 'ஆயிரம் யூரோ' என்றே வரும். முதல் பரிசு விழும்போது பாடுகிற பிள்ளைக்கே குரல் நடுங்கும். 1984 முதல் பெண் பிள்ளைகளும் பாடுகிறார்கள்.

மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் 'போசாதா'. இயேசுவைப் பெறவிருந்த நிறைமாதக் கர்ப்பிணி மரியாளோடு யோசேப்பு தங்க இடம் தேடி அலைந்ததை நடித்துக் காட்டுவார்கள். மெழுகுவர்த்தியோடு தெருவில் நிற்கும் கூட்டம் பாட்டாகவே இடம் கேட்கும். உள்ளே இருப்பவர்கள் பாட்டாலேயே மறுப்பார்கள். "நீ திருடனாகக்கூட இருக்கலாம்" என்கிற அளவுக்குப் பேச்சு முற்றும். கடைசியில் ஆள் யாரென்று தெரிந்ததும் கதவு திறக்கும். கொய்யாவும் கரும்பும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய சூடான பானம் கிடைக்கும். அப்புறம் 'பினியாத்தா': ஏழு முனை கொண்ட நட்சத்திரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பால் அடிக்க வேண்டும். ஏழு முனையும் ஏழு பாவங்கள். உடைந்தால் நிலக்கடலையும் ஆரஞ்சும் மிட்டாயும் கொட்டும்.

லாட்டரி போக, இந்தப் பண்டிகைகள் எல்லாமே கத்தோலிக்க மரபில் வந்தவை. ஆனால் இடம் இல்லாமல் வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்பது எந்த மதத்துப் பிள்ளைக்கும் புரியும்.

பிற நாட்டுப் பண்டிகைகளைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லி முடித்துவிடாதீர்கள். வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் கதவுக்கு வெளியே நிறுத்துங்கள். இடம் கேட்கட்டும், உள்ளே இருப்பவர்கள் மறுக்கட்டும். பிறகு இடம் மாறி நிற்கட்டும். போசாதாவுக்கு ஒரு கதவு போதும்.