வீட்டுக் கணனியும் அமானிதமும்

கலஹாவில் வாப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே கணனி உள்ள வீடுகள் பல. விண்டோஸ் 11இல் கோப்புச் சாளரத்தைத் திறந்தால் ‘ஹோம்’ பக்கம் தோன்றி, கடைசியாகப் பார்த்த கோப்புகளைக் காட்டிவிடும். மகளின் கல்யாணப் பேச்சு விபரமும் உம்மாவின் வைத்திய அறிக்கையும் விருந்தாளியின் கண்ணில் படலாமா?

மாற்றுவது இலகு. விண்டோஸ் விசையுடன் ஆங்கில ‘ஈ’ எழுத்தை அழுத்துங்கள். மேலுள்ள மூன்று புள்ளிகளில் ‘ஒப்ஷன்ஸ்’ செல்லுங்கள். முதல் வரியில் ‘ஹோம்’ என்பதை ‘திஸ் பீசீ’ ஆக்குங்கள். கீழே ‘பிரைவசி’ பகுதியில், அண்மைக் கோப்புகளைக் காட்டும் கட்டத்தின் சரி அடையாளத்தை எடுத்து, ‘க்ளியர்’, ‘ஓகே’ அழுத்துங்கள். கோப்புகள் அழியா, பட்டியல் மாத்திரமே மறையும். அவற்றைப் பூட்டிவைக்க ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லுடன் தனிக் கணக்கு வேண்டும்.

வீட்டாரின் இரகசியம் நம்மிடமுள்ள அமானிதம் அல்லவா?