மேலே பெய்த மழை எந்தக் கணக்கில், ஐயா?

மழைக் கணக்குக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்களுக்கு,

மலையில் மழைமானி கேட்டுத் திங்கட்கிழமை குறைதீர் நாட்களில் தந்த மனுக்களுக்கெல்லாம் ரசீது கிடைத்தது. பதிலென்று வந்தது ஒரே வரி: மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது. மேலே எங்கே அனுப்பினார்களோ, நிச்சயமாக மலைக்கு அல்ல. அதனால்தான் தாங்கள் ஊரறியப் படிக்கும்படி இந்த மடல்.

விதிமுறைகளைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைமானி எங்கே இருக்க வேண்டும், மலையில் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் தாங்கள் படித்துத் தேறியவை. ஒரேயொரு நாளை மட்டும் நினைவூட்டுகிறேன்.

2024 மே 17, வெள்ளிக்கிழமை. பழைய குற்றாலம். சீசன் இன்னும் தொடங்கவில்லை. கோடை மழையில் அருவியில் தண்ணீர் விழுந்ததால் கூட்டம். பிற்பகலில் மலைக்காட்டில் பெய்த மழை திடீரென அருவி வழியே இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடியதை நாடே கைப்பேசியில் பார்த்தது. 17 வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் கொண்டுபோனது.

அன்று மேலே எவ்வளவு பெய்தது? கீழே ஊருக்குள் பெய்ததைக் கேட்டால் தசமப் புள்ளியோடு சொல்கிறார்கள். அருவிக்கு நீர் தருகிற அந்தக் காட்டில் எவ்வளவு என்று கேட்டால், நான் ஏறி இறங்கிய எந்த மேசையிலும் பதில் இல்லை.

கீழே அளந்ததுகூட எப்போது கணக்கில் ஏறும்? நம் நாட்டு மழை நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடிகிறது. வெள்ளிக்கிழமை பிற்பகல் மழை சனிக்கிழமைக் கணக்கில்தான் சேரும். அணைக்கும் பயிருக்கும் அது போதும், குறை சொல்லவில்லை. காட்டாறு மறுநாள் காலை வரை காத்திருக்குமா? சனிக்கிழமை பதிவேட்டைத் திறந்தபோது, அந்தப் பையனின் உடலை மீட்டு ஓர் இரவு கழிந்திருந்தது.

ஆளில்லாத மலையில் யார் போய் அளப்பது என்கிறார்கள் உங்கள் அலுவலகத்தில். ஆளில்லாத இடத்தில் பெய்கிற மழை, ஆள் இருக்கிற இடத்துக்குத்தானே ஐயா இறங்கி வருகிறது? 1992 நவம்பரில் மாஞ்சோலை மலையின் காக்காச்சியில் ஒரே நாளில் 965 மி.மீ. பெய்தது என்று இன்றைக்கும் சொல்கிறோம். எப்படித் தெரியும்? அங்கே தேயிலைத் தோட்டம் இருந்தது, மழைமானி இருந்தது, தண்ணீரைக் குடுவையில் ஊற்றிப் பார்த்து எழுதிவைக்க ஓர் ஆளும் இருந்தார். அந்த வெள்ளம் தாமிரபரணிக் கரையை என்ன செய்தது என்று அம்பாசமுத்திரத்தில் வயதானவர்களைக் கேளுங்கள். அந்த மலையிலிருந்து தோட்டத் தொழிலாளர்களும் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசிக் குடும்பம் இறங்கிய மறுநாள் அந்தக் குடுவையைப் பார்க்கப்போவது யார்? காட்டுமாடா?

தானியங்கி மழைமானிகள் வந்துவிட்டன என்பீர்கள். மாநிலம் முழுக்க 1,400 என்று அரசு அறிவித்தது, சந்தோஷம். எங்கள் பக்கத்தில் நான் பார்த்தது ஓர் அலுவலகக் காம்பவுண்டுக்குள், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், கம்பிவேலிக்குள் பத்திரமாக நிற்கிறது. ஜீப் போகிற இடத்தில் மட்டும் பெய்ய வேண்டும் என்று மேகத்துக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டீர்களா?

எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற ஆச்சிக்குத் தெரியும்: ஓடைத் தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிட வேண்டும். ரேடாரும் செயற்கைக்கோளும் வைத்திருக்கிற நீங்கள் இன்னும் அந்த ஆச்சி அளவுக்கு வரவில்லை.

நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. காட்டுக்குள் ரோந்து போகிற வனக்காவலர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அவர்கள் தங்குகிற இடத்தில் ஒரு மழைமானி, கையில் ஒரு வயர்லெஸ், கீழே அருவிக்கரையில் அதைக் கேட்டு விசிலூத ஓர் ஆள். இதற்கு உங்கள் ஆட்கள் சொன்ன காரணங்கள் எனக்கு மனப்பாடம். வனத்துறை அனுமதி வேண்டும். சிக்னல் கிடைக்காது. பேட்டரி தீர்ந்துபோகும். யானை தள்ளிவிடும். தள்ளினால் மறுபடி தூக்கி நிறுத்துங்கள்! யானைக்கு இருக்கிற அக்கறைகூட உங்களுக்கு அந்தக் கருவி மேல் இல்லையே.

வைக்க இடம் எது என்று மட்டும் மறுபடி ஆய்வுக்குழு போட்டுவிடாதீர்கள். அடிவாரத்தில் யாரைக் கேட்டாலும் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். ஜீப் போகாது, நடக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மலையடிவாரத்து விவசாயி ஒருவன்