புரைக்குக் கணக்கு உண்டு, அழுத்தத்துக்கு?

எங்க அத்தைக்கு இடது கண்ணில் புரை விழுந்து மூணு வருசம். "முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்"னு இருந்துச்சு. அந்தக் காலத்து ஆபரேசனுக்கு அது சரி. இன்றைக்குத் தேவையே இல்லை. ஆனால் கருவேலம் வெட்டப் போகலைன்னா அன்றைக்கு உலை கிடையாது. ஒரு ராத்திரி தலைவலி, வாந்தி, கண் ரத்தமாச் சிவந்துபோச்சு. கைமாத்து வாங்கி, துணைக்கு ஆள் பிடிச்சு, திருச்சுழியிலிருந்து மதுரை போய்ச் சேர எட்டு நாள். புரையை எடுத்தார்கள். பார்வை வரவில்லை. ஊதிய புரை கண்ணுக்குள் நீர் வடியும் வழியை அடைத்து, அழுத்தம் ஏறி நரம்பு செத்திருந்தது.

இப்படி வரும் அழுத்தத்தைப் பற்றி 1996இல் மதுரை அரவிந்த் மருத்துவர்கள் எழுதினார்கள்: ஐந்து நாளுக்கு மேல் தாமதித்தவர்களுக்குப் பார்வை தேறுவது குறைவு. ஐந்து நாள்! காலனியில் துணைக்கு ஆள் கிடைக்கவே அது போதாது.

வலியில்லாமல் தின்னும் கிளாக்கோமா இன்னும் மோசம். தென்மாவட்டக் கிராமங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 5,150 பேரை அரவிந்த் குழு சோதித்து 2003இல் வெளியிட்டது. 2.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகைக் கிளாக்கோமா. அதில் திறந்தகோண வகை இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதுவரை கண்டறியப்படாதவர்கள். 1994இல் உலக வங்கிக் கடனோடு வந்த திட்டமோ எத்தனை புரை எடுத்தாய் என்றுதான் எண்ணியது. முகாம்களை நான் பழிக்கவில்லை. எங்க தாத்தா திரும்ப எங்க முகம் பார்த்தது முகாமால்தான். ஆனால் புரை போனால் வெளிச்சம் திரும்பும், நரம்பு போனால் திரும்பாது. எண்ண வேண்டியது எதை?

இரண்டும் சேர்ந்து இருப்பவருக்கு ஒரே மேசையில் முடிக்கலாம். புரையை எடுத்து லென்ஸ் வைத்து, மேலிமைக்கு அடியில் நீர் வடிய ஒரு சின்ன வாய்க்கால் திறப்பார்கள். தனியாக வாய்க்கால் மட்டும் திறந்தால் அழுத்தம் இன்னும் நன்றாக இறங்கும், புரையைப் பிறகு பார்க்கலாம் என்று வாதிடும் மருத்துவர்கள் உண்டு. லேசான அழுத்தத்துக்குச் சொட்டு மருந்தே போதும் என்பதும் உண்மை. அந்த வாதமெல்லாம் நோயாளி திரும்பி வருவார், ஆயுசுக்கும் மருந்து வாங்குவார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ரமணர் பிறந்த ஊர் என்று திருச்சுழிக்குக் கார்கள் வருகின்றன. எங்க ஜனங்களுக்கோ இரண்டாவது தடவை போக பஸ் காசு இல்லை. அவர்களுக்கு ஒரே தடவைதான் நியாயம் என்கிறேன்.

அதற்கப்புறமும் கண் சிவந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். வாய்க்காலில் சீழ் பிடித்தால் கண்ணே போகும். அதனால் முகாமில் ஒவ்வொரு கண்ணுக்கும் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்போம். திரும்பி வரும் பஸ் செலவையும் சேர்த்துக் கேட்போம், தோழர்களே.

அத்தைக்கு வலது கண்ணிலும் புரை இறங்குது. முத்தவிடப் போவதில்லை. வர்ற திங்கள் நான் கூடப் போறேன். ரெண்டு பேர் கூலியும் போகும்.