ராஜகுமாரனா, கோமாளியா? நஸீம் ஹமீதின் புகழ் யார் கணக்கில் சேர வேண்டும்?

குத்துச்சண்டை வீரர் நஸீம் ஹமீது கடைசியாக மேடை ஏறியது 2002-ல். ஆனால் அவரைப் பற்றிய சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.

அவரைப் போல ஒரு வீரன் பிறந்ததே இல்லை என்கிறது ஒரு கோஷ்டி. சிறுத்தைத் தோல் கால்சட்டை, கயிற்றின் மேல் கரணம், வாய்ச்சவடால், இவற்றைத் தவிர அவரிடம் சரக்கு எதுவும் இல்லை, சரியான ஆள் எதிரே வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது என்கிறது மறு கோஷ்டி.

இரண்டு கோஷ்டியும் பார்ப்பது ஒரே இடத்தைத்தான்: விளக்கு வெளிச்சம் விழுந்த மேடையை. அந்த ஆள் உருவான பட்டறையை இருவரும் பார்க்கவில்லை. நாம் அங்கிருந்து தொடங்குகிறோம்.

உருக்கு நகரத்துப் பிள்ளை

இங்கிலாந்தின் ஷெபீல்டு உருக்குக்குப் பேர்போன ஊர். யுத்தத்திற்குப் பிந்திய ஆண்டுகளில் அந்த ஆலைகளுக்கு ஆள் போதவில்லை. ஏமன் நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். உலை வெக்கையும் காதைப் பிளக்கும் சத்தமும் உள்ள கடினமான வேலைகள் அவர்கள் தலையில் விழுந்தன. 1980-ல் பிரிட்டன் முழுவதும் உருக்குத் தொழிலாளர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதையடுத்த ஆண்டுகளில் ஆலைகள் மளமளவென்று மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன.

ஏமனியப் பெற்றோருக்கு 1974-ல் இந்த ஊரில் பிறந்தவர்தான் ஹமீது. ஏழு வயதுப் பையனாக அவர் போய்ச் சேர்ந்த இடம், விங்கோபாங்க் பகுதியில் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் நடந்த சிறுவர் கழகம். அதை நடத்தியவர் பிரெண்டன் இங்கிள். டப்ளினில் பிறந்த அயர்லாந்துக்காரர். பிழைப்புத் தேடி ஷெபீல்டுக்கு வந்து உருக்காலையில் உழைத்தவர். தாமும் மேடையில் குத்து வாங்கியவர்.

இங்கிள் அந்த மண்டபத்துத் தரையில் கோடுகள் வரைந்து வைத்தார். கறுப்பர், வெள்ளையர், அராபியர், எல்லாப் பிள்ளைகளும் அந்தக் கோடுகளின் மேல் முன்னும் பின்னும் கால் மாற்றி நடந்து பழக வேண்டும். இடது கை ஆட்டம், வலது கை ஆட்டம் இரண்டும் வர வேண்டும். கையைத் தொங்கவிட்டுக்கொண்டே, உடம்பை வளைத்தே குத்துக்குத் தப்ப வேண்டும்.

ஆகவே ஹமீதின் ஆட்டத்தைக் கிறுக்குத்தனம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்: அவருக்கு முன்பே அதே மண்டபத்திலிருந்து வந்த ஹெரோல் கிரகாம் கையைத் தாழ்த்தி ஆடவில்லையா? பிரிட்டிஷ் பட்டமும் ஐரோப்பியப் பட்டமும் வெல்லவில்லையா? இது ஒரு பள்ளி. ஹமீது அதன் மாணவர். அந்தப் பாடத்தோடு அவர் சேர்த்தது, எந்தக் கோணத்திலிருந்தும் ஆளைச் சாய்க்கும் பயங்கரமான குத்து.

கோமாளி என்பவர்களுக்கு

1995 செப்டம்பரில் கார்டிப் நகரில் ஸ்டீவ் ராபின்சனிடமிருந்து ஹமீது உலகப் பட்டத்தைப் பறித்தார். ராபின்சன் லேசுப்பட்டவர் அல்ல. கிடங்கில் வேலை செய்த தொழிலாளி அவர். 1993-ல் இரண்டே நாள் அவகாசத்தில் அழைக்கப்பட்டுப் பட்டம் வென்று, ஏழு முறை அதைக் காப்பாற்றியவர். அவருடைய சொந்த ஊரில், சொந்த ஜனங்களின் முன்னால், எட்டாவது சுற்றில் ஹமீது ஆட்டத்தை முடித்தார். அப்போது அவருக்கு வயது 21.

1997-ல், பதினோரு முறை பட்டத்தைக் காத்த டாம் ஜான்சனை வீழ்த்தினார். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் கெவின் கெல்லியுடன் மோதினார். நான்கே சுற்றுக்குள் ஹமீது மூன்று முறை விழுந்தார், கெல்லியும் மூன்று முறை விழுந்தார். கடைசியில் எழுந்து நின்றவர் ஹமீது. வெறும் கோமாளியாக இருந்தால் முதல் முறை விழுந்ததும் படுத்தே கிடந்திருக்கலாமே!

126 ராத்தல் எடைப் பிரிவில் பதினைந்து முறை பட்டத்தைக் காத்தார். மொத்தம் 37 சண்டை, 36 வெற்றி. அவற்றில் 31 எதிராளி முழுச் சுற்றும் தாக்குப்பிடிக்காத வெற்றிகள். ஆட்டம் கோணல் என்று ஏளனம் செய்யும் கனவான்கள் இந்தக் கணக்கை எந்தக் கோலால் அளப்பார்கள்? இலக்கணப்படி ஆடி, அவர் முன்னால் விழுந்தவர்கள் எத்தனை பேர்!

ராஜகுமாரன் என்பவர்களுக்கு

இனி மறு கோஷ்டிக்கு வருவோம். 'ராஜகுமாரன்' என்ற பட்டப்பெயரைத் தொலைக்காட்சிக் கம்பெனிகள் நன்றாக விற்றன. 1998-ல் அமெரிக்காவில் கல்லறைத் தோட்டம் போல ஜோடித்த மேடை வழியே நுழைந்தார். 2000-ல் லண்டனில் பறக்கும் கம்பளத்தில் வந்து இறங்கினார். ஊர்வலம் பெரிதாகப் பெரிதாக ஆட்டம் சிறுத்தது.

1998-ன் இறுதியோடு அவரும் இங்கிளும் பிரிந்தார்கள். பணப் பங்கீட்டில் கசப்பு. குத்து வாங்குகிறவன் தன் பங்கைக் கேட்பதை நாம் குற்றம் என்று சொல்லமாட்டோம். பதினாறு ஆண்டுக்கு மேல் சொல்லிக்கொடுத்தவர் தம் பங்கைக் கேட்டதும் குற்றமல்ல. ஆனால் தொழில் என்ன ஆயிற்று? புதிய பயிற்சியாளர்கள் வந்தார்கள், பெயர்பெற்றவர்களே வந்தார்கள். கோடு போட்ட தரை வரவில்லை. காலடி தளர்ந்தது. ஒரே குத்தில் முடித்துவிடலாம் என்ற நினைப்பு வளர்ந்தது. கைகளில் காயமும் சேர்ந்துகொண்டது. 1999-ல் சீசர் சோட்டோவோடு நடந்தது பாதி குத்துச்சண்டை, பாதி மல்யுத்தம்.

2001 ஏப்ரல் 7, லாஸ் வேகாஸ். மெக்சிகோவின் மார்க்கோ அன்டோனியோ பரேரா அவசரப்படவில்லை, ஆத்திரப்படவில்லை. பன்னிரண்டு சுற்றும் நேர்க்குத்தால் பாடம் நடத்தினார். மூன்று நடுவர்களும் பரேராவுக்கே தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகு ஹமீது ஒரே ஒரு சண்டைதான் போட்டார். 28 வயதில் எல்லாம் முடிந்தது. முதல் வரிசைப் போட்டியாளராகக் காத்திருந்த இன்னொரு மெக்சிகோ வீரர் ஹுவான் மானுவல் மார்க்கேஸுடன் அவர் மோதவே இல்லை.

தோல்வி யாருக்கும் வரும். தோற்ற பிறகு திரும்பி வந்து கற்றுக்கொள்கிறவனைத்தான் உலகம் மகா வீரன் என்கிறது. ஹமீது திரும்பி வரவில்லை. இதை மூடி மறைத்து அவரை எல்லாக் காலத்துக்கும் ஈடிணையற்றவர் என்பது வெறும் பம்மாத்து.

2006-ல் ஆபத்தான முறையில் கார் ஓட்டி ஒரு மனிதரைப் படுகாயப்படுத்தியதற்காக அவர் சிறை சென்றார். அரசாங்கம் கொடுத்த விருதும் பறிபோனது. அதை மறைக்கவும் வேண்டாம், குத்துச்சண்டைக் கணக்கோடு குழப்பவும் வேண்டாம்.

நமது தீர்ப்பு

ஹமீது புகழுக்கு உரியவரா? உரியவர். 1995 முதல் 2000 வரை தம் எடையில் அவரை யாரும் வெல்லவில்லை. 2015-ல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது நியாயமே. ஆனால் முதல் வரிசை நாற்காலி அவருக்கு இல்லை. தோல்விக்குப் பின் எழுந்தவர்களுக்கே அது.

அவருக்கு உரிய புகழிலும் எல்லாம் அவருக்கு மட்டும் சொந்தமல்ல. ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். தேரில் உட்கார்ந்தவரை மட்டும் படம் பிடித்துவிட்டு, வடம் பிடித்தவர்களை விட்டுவிடுவது பணம் போட்டவர்களின் வழக்கம். இங்கிள் 2018-ல் மறைந்தார். 1998-க்குப் பின் குருவும் சீடரும் பழையபடி ஒன்றுசேரவே இல்லை. ஆனால் அந்த மண்டபம் ஹமீதோடு முடிந்துவிடவில்லை. ஜானி நெல்சன், ஜூனியர் விட்டர், கெல் புரூக் என்று உலகப் பட்டம் வென்றவர்களை அது மேலும் மேலும் தந்தது.

ராஜகுமாரனுக்கு வாரிசு யாரும் வரவில்லை. அந்த உருக்காலைத் தொழிலாளி வரைந்த கோடுகளிலிருந்து வந்தார்கள். நிலைத்த புகழ் எது என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு சாட்சியம் என்ன வேண்டும்?