‘நம்ம ஊர் டீம்’ என்றால் எந்த ஊர்? மேல்மலையனூர் ரசிகரின் நியாயமான கேள்வி

அமாவாசை இரவு என்றால் மேல்மலையனூருக்குச் சென்னையிலிருந்தே சிறப்புப் பேருந்துகள் வரும். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு விடிய விடிய ஜனம் திரும்பும். எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. அதற்குச் சிறப்புப் பேருந்து கிடையாது. அது மேட்ச் பார்க்கக் கிளம்பும் ரசிகரின் பயணம்.

சென்னை நேரு ஸ்டேடியத்தில் இரவு 7.30 மணிக்கு ஃபுட்பால் என்றால், முடிய 9.30 ஆகும். அங்கிருந்து கிளாம்பாக்கம், பிறகு திண்டிவனம், செஞ்சி என்று மாறி மாறி ஊர் வந்து சேர்வதற்குள் பால்காரர் கிளம்பிவிடுவார். தூரம் சுமார் 150 கிலோமீட்டர். தோற்ற மேட்ச் என்றால் இன்னும் நீளமாகத் தெரியும்.

சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். நடக்கும்போது மேட்ச் டிக்கெட்டைக் காட்டி மாநகரப் பேருந்திலோ மெட்ரோவிலோ இலவசமாகப் போகும் வசதி சமீப ஆண்டுகளில் இருந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கிளாம்பாக்கத்தைத் தாண்டினால் அந்த டிக்கெட் வெறும் காகிதம்.

இவ்வளவு சிரமப்பட்டுப் போகிறவர் ‘நம்ம டீம்’ என்கிறாரே, அந்த டீம் அவருடையதா?

முதல் சாம்பியன் எங்கே போனது?

தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே உள்ள ஊர்களின் பெயரோடு தொழில்முறை அணிகள் பரவலாக வந்தது டி.என்.பி.எல். தொடங்கிய 2016-இல். திண்டுக்கல், மதுரை, கோவை, காரைக்குடி, தூத்துக்குடி என்று பெயர்கள் வந்தபோது, சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். விழுப்புரத்துக்கு அன்றும் அணி இல்லை, இன்றும் இல்லை. ‘எப்போ நமக்கு ஒரு டீம்?’ என்று இந்தப் பக்கத்துப் பையன்கள் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் டீம் கிடைத்த ஊர்களுக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும்.

2016-இல் முதல் கோப்பையை வென்றது டூட்டி பேட்ரியாட்ஸ், அதாவது தூத்துக்குடி. இன்று அந்தப் பெயரில் அணியே கிடையாது. அந்த உரிமம்தான் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. காஞ்சி வீரன்ஸ், நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. காரைக்குடி காளை, திருப்பூர் தமிழன்ஸ் ஆனது.

இதில் காரைக்குடிக்காரர் நிலைமைதான் பாவம். அவருடைய அணி ஒருமுறைகூடக் காரைக்குடியில் ஆடியதில்லை. ஆட்டமெல்லாம் சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலி என்றே நடந்தது. கடைசியில் 2025-இல் அதே உரிமம் முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது, இறுதிப் போட்டியில் திண்டுக்கல்லை வீழ்த்தி. கோப்பையில் இருந்த பெயர் திருப்பூர். ஆரம்பத்தில் காளைக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர் அன்றைக்குக் கொண்டாடுவதா, வேண்டாமா?

இதெல்லாம் முறைகேடு இல்லை. ஃப்ரான்சைஸ் என்பதன் இயல்பே இதுதான். முதலாளி வாங்குவது லீக்கில் ஓர் இடத்தை. ஊர்ப்பெயர் அதன் மேல் ஒட்டும் லேபிள். வீரர்களும் அந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டியதில்லை. முன்பு டிராஃப்ட், 2023-இலிருந்து ஏலம். சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் 2025-இல் கோப்பை வென்றது திருப்பூர் அணியில்.

பெயர் சென்னை, மைதானம் கோவை

ஃபுட்பாலில் கதை இன்னும் விநோதம். 2018-19 ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில்தான் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9, கடைசி நாள். ஜெயித்தால் கோப்பை, இல்லையென்றால் ஈஸ்ட் பெங்காலுக்கு வாய்ப்பு. மினர்வா பஞ்சாப் முதல் கோலை அடித்தது. அதன் பிறகு மூன்று கோல் திருப்பி அடித்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம். கோவை ரசிகர்கள் ‘சென்னை’ என்று கத்திக்கொண்டு மைதானத்தை நிறைத்த காலம் அது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அந்த ஆண்டே இதில் 26 சதவீதப் பங்கு வாங்கியது.

2020-21 சீசனோடு ஐ-லீக்கில் அந்த அணியின் கதை முடிந்தது. கோவையில் நிறைந்திருந்த ரசிகர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று விதியும் இல்லை.

அப்புறம் ஏன் விட மாட்டேன் என்கிறார்கள்?

ஏனென்றால் சில இரவுகள் மறக்காது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கிடந்தது. சென்னையின் எஃப்.சி.யின் சொந்த மைதான அரையிறுதியைப் புனேக்கு மாற்றினார்கள். வீடில்லாத அந்த வீட்டு மேட்ச்சில் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதி. 90-ஆவது நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கிய நிலை. கோவா கோல்கீப்பரின் கை பட்டே ஒரு பந்து உள்ளே போனது. அடுத்து கூடுதல் நேரத்தில் மெண்டோசா அடித்தார், 3-2. ஊரில் இன்னும் தண்ணீர் வடியாத வீடுகள் இருந்தன.

2018-இல் காவிரிப் போராட்டம். ஒரே ஒரு ஹோம் மேட்ச்சோடு சி.எஸ்.கே. ஆட்டங்கள் சேப்பாக்கத்தை விட்டுப் போயின. மறுபடியும் புனே! சுமார் ஆயிரம் ரசிகர்கள் ‘விசில்போடு எக்ஸ்பிரஸ்’ என்ற சிறப்பு ரயிலில் அங்கேயே போய் இறங்கினார்கள். இரண்டு ஆண்டுத் தடை முடிந்து திரும்பிய அணி அந்த முறையும் கோப்பை வென்றது. போராட்டத்தின் நியாயம் வேறு விஷயம். ரசிகர் ரயில் ஏறினார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அணி எங்கே போனாலும் இவர் பின்னாலேயே போகிறார். இவர் இருக்கும் இடத்துக்கு அணி வருகிறதா?

2025-இல் நடந்தது என்ன?

ஐ.எஸ்.எல். லீக்கையே நடத்தும் வணிக ஒப்பந்தம் 15 ஆண்டுகளுக்கானது. அது 2025 டிசம்பர் 8-இல் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பதில் இழுபறி. ஜூலையிலேயே லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. இரண்டு முறை சாம்பியன், தோனி பங்குதாரர், அபிஷேக் பச்சன் உரிமையாளர்களில் ஒருவர். அத்தனையும் இருந்தும் இதுதான் நிலைமை. நவம்பரில் புதிய வணிகப் பங்காளிக்காக விட்ட டெண்டரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் சீசன், அரசு தலையிட்டு 2026 பிப்ரவரி 14-இல்தான் தொடங்கியது. 14 அணிகள், ஒருவரோடொருவர் ஒரே ஒரு முறை, ஆளுக்கு 13 ஆட்டம். முந்தைய சீசனில் ஆளுக்கு 24. நடுவில் இருந்த மாதங்களில் ரசிகர் பார்த்தது அறிக்கைகளையும் கோர்ட் செய்திகளையும்தான்.

ஓக்லண்டும் கிரீன் பேயும்

இது நம்மூர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரத்துக்கு ஒரு காலத்தில் அமெரிக்க ஃபுட்பால், கூடைப்பந்து, பேஸ்பால் மூன்றிலும் அணி இருந்தது. 2019-இல் கூடைப்பந்து அணி பக்கத்துச் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது. 2020-இல் ரெய்டர்ஸ் ஃபுட்பால் அணி லாஸ் வேகாஸ் போனது. மிச்சம் இருந்தது 1968-இல் வந்த அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணி. அதுவும் கிளம்பப் போகிறது என்று தெரிந்ததும் ரசிகர்கள் விநோதமான ஒன்றைச் செய்தார்கள். ஆத்திரத்தில் மைதானத்தைப் புறக்கணிக்கவில்லை. 2023 ஜூன் 13 அன்று வேண்டுமென்றே திரண்டு வந்தார்கள், 27,000-க்கும் மேல். ‘டீமை வித்துட்டுப் போ’ என்று முதலாளிக்குச் சொல்லும் பச்சை டி-ஷர்ட்டோடு.

பலன் இல்லை. 2024 செப்டம்பர் 26-இல் ஓக்லண்டில் கடைசி ஆட்டம். வேகாஸில் ஸ்டேடியம் தயாராகும் வரை அணி சாக்ரமென்டோவில் ஆடுகிறது, பெயருக்கு முன்னால் எந்த ஊரும் இல்லாமல்.

அதே நாட்டில் கிரீன் பே என்று ஒரு நகரம். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய நம் விழுப்புரம் அளவு. அங்கே இருக்கும் பேக்கர்ஸ் ஃபுட்பால் அணி 1923-இலிருந்து பொதுமக்கள் பங்கில் நடக்கிறது. பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் மேல். டிவிடெண்ட் கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. அதனால்தான் அணியைத் தூக்கிக்கொண்டு போக யாராலும் முடியவில்லை. பிரமாண்ட நகரங்களே அணியை இழந்திருக்க, இந்தச் சின்ன ஊர் நூறு வருஷமாக வைத்திருக்கிறது.

விழுப்புரம் என்ன கேட்கலாம்?

நாளைக்கே டி.என்.பி.எல்.-இல் ‘விழுப்புரம்’ என்று ஓர் அணி அறிவிக்கப்பட்டால் பட்டாசு வெடிக்கும், வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் நிறையும். ஆனால் பெயரை மட்டும் கேட்டு வாங்கினால், காரைக்குடி போல நாலைந்து சீசனில் அதுவும் போய்விடலாம். கிரீன் பே மாதிரி இங்கே உடனே நடக்காது. அதற்கான சட்டமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆனால் லீக் நடத்துகிறவர்கள் நினைத்தால் சில விதிகள் கொண்டுவருவது கஷ்டம் இல்லை. ஓர் ஊரின் பெயரை வைத்தால் அந்த மாவட்டத்தில் சீசனுக்கு ஒரு ஆட்டமாவது நடக்க வேண்டும். ஆடுகளம் இல்லை என்றால் அதைத் தயார் செய்வதில் அணிக்கும் பங்கு வேண்டும். ஆள் எடுக்கும் தேர்வு முகாம் அங்கே நடக்க வேண்டும். பெயரை மாற்றுவதானால், இரண்டு சீசன் முன்பே சொல்ல வேண்டும்.

விழுப்புரம் என்ற பெயரை நெஞ்சில் போட்டு ஆடுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். முதலமைச்சர் கோப்பையில் மாவட்டம்தான் அணி. கபடி, கால்பந்து, கிரிக்கெட் எல்லாம் உண்டு. யாரும் அந்தப் பெயரைச் சேலத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் மேல்மலையனூரில் இருக்கும் ஒருவர் ‘நம்ம பசங்க இன்னிக்கு யாரோட ஆடுறாங்க, எத்தனை மணிக்கு’ என்று போனில் தேடினால் லேசில் கிடைக்காது. ஐ.பி.எல்.-இல் ஒவ்வொரு பந்துக்கும் நோட்டிஃபிகேஷன் வரும் அதே போன்தான். மாவட்ட விளையாட்டு அலுவலகம் ஆட்ட அட்டவணையையும், முடிந்தால் ஒரு யூடியூப் நேரலையையும் கொடுக்கலாம். அதற்கு ஒரு செல்போனும் ஒரு ஸ்டாண்டும் போதும். அறுவடை முடிந்த நிலத்தில் நடக்கும் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டையே பசங்க இன்று லைவ் போடுகிறார்கள்.