மீன் ஆய்கிற சொல்

ஸ்காட்லாந்து மலைநாட்டில் வேட்டையாடிய மானின் வயிற்றைக் கீறிக் குடலை அகற்றுவதற்கு 'கிராலக்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. அங்குள்ள கேலிக் மொழியில் குடலைக் குறித்த பெயர்ச்சொல் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்து வினையாகிவிட்டது. லத்தீன் வழிவந்த 'எவிசரேட்' அதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்தது. ஆனாலும் அந்த மலைநாட்டுச் சொல்லுக்கு அகராதி இடம் கொடுத்தது. நாமோ, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற சொல்லையே எழுத்தில் ஏற்றத் தயங்குகிறோம்.

கடலூர் முதுநகரிலோ சிதம்பரம் மார்க்கெட்டிலோ மீன் வாங்குகிறவர், "ஆஞ்சு குடுங்கம்மா" என்றால் போதும். அரிவாள்மனையில் செதில் உரசி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறுவார் அந்த அம்மா. பித்தப்பை உடைந்தால் மீன் முழுக்கக் கசக்கும் என்பதால், விரல் நுனி அதை நசுக்காமல் குடலோடு சேர்த்து இழுத்துவிடும். சினை இருந்தால் மட்டும் தனியே எடுத்து வைப்பார். கொள்ளுவது எது, தள்ளுவது எது என்று விரல் பார்த்துப் பிரிக்கிற இந்த வேலைக்கு 'சுத்தம் செய்தல்' என்று பெயர் வைப்பது, வேலையின் பாதியை மறைப்பதாகும். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம்.

ஆய்வு என்பது அறிவுலகச் சொல், மீனுக்குச் சொல்கிற 'ஆய்தல்' வெறும் பேச்சுவழக்கு, இரண்டையும் முடிச்சுப் போடலாமா என்று கேட்பார்கள். தொல்காப்பிய உரியியல் 'ஆய்தல்' என்ற சொல்லுக்கு உள்ளதன் நுணுக்கம் என்றே பொருள் சொல்கிறது. கீரை ஆய்கிறவரும் மீன் ஆய்கிறவரும் ஏட்டை ஆய்கிறவரும் நுணுகிப் பார்த்துப் பிரிக்கிறவர்கள்தான். அடுத்த கேள்வி கொஞ்சம் வலுவானது: எல்லா மாவட்டத்திலும் இப்படிச் சொல்வதில்லையே, சில ஊர்களில் மீன் 'அறுக்கிறார்கள்', சில ஊர்களில் 'வெட்டுகிறார்கள்' என்பது. உண்மைதான். ஆனால், அறுப்பதும் வெட்டுவதும் கத்தியின் வேலையைச் சொல்கின்றன. ஆய்வது கண்ணின் வேலையையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே ஒன்றை வைத்து மற்றதைத் தள்ளாமல், ஊர்வாரியாக எல்லாவற்றையும் தொகுப்பதே முறை. வாங்கும்போதே துண்டு போட்டு உறையில் அடைத்த மீன் வீடுதேடி வருகிற காலம் இது. ஆயும் கைகள் குறைந்தால் அந்தச் சொற்களும் கூடவே போய்விடும்.

1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியலும் இருக்கிறது. வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் மையமும் இருக்கிறது. இரண்டு துறையின் மாணவர்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு விடியற்காலையில் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகட்டும். அங்கே மீன் ஆய்கிற அம்மாக்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், சொன்னவரின் பெயரோடு எழுதிக்கொள்ளட்டும்.